ஊடகக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கும் முன்

2025 ஆம் ஆண்டு மே மாதம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. ஒரு மாலைப் பொழுதில் கமக்காரர் ஒருவர் தமது மகளையும் அழைத்துக்கொண்டு பங்குமனைக்கு வந்தார். வலிகாமம் வடக்கைச் சேர்ந்த குடும்பம். 1990 யூனில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள். நலன்புரி நிலையம், உறவினர் வளவு, வன்னி, மறுபடியும் யாழ்ப்பாணம் என்று அலைந்து, இப்போது பிறருடைய தோட்டக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயமும் மரவள்ளியும் செய்கிறார். அவருடைய கையில் வழவழப்பான வர்ணத் தாளில் அச்சிட்ட ஒரு விளம்பரப் புத்தகம் இருந்தது.

"சுவாமி, இவள் ரிவியிலை செய்தி வாசிக்கப் படிக்கப் போறாளாம். கொழும்பிலை ஒரு கொலிஜ். ஒரு வருசப் படிப்பு, ஆறு இலட்சம் கேக்கிறாங்கள். லாண்ட்மாஸ்டரை வித்தால் பாதி வரும். மிச்சத்துக்குத் தாயின்ரை தாலிக்கொடிதான் இருக்குது. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நாளைக்கே காசைக் கட்டிப் போடலாம்."

நாம் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். விளக்குகள் எரியும் கலையகம், பெரிய கமரா, காதில் ஒலிவாங்கியணிந்து சிரிக்கும் ஒரு பெண், கறுப்பு அங்கியுடன் சான்றிதழ் பெறும் இளைஞர்கள் என்று பன்னிரண்டு பக்கங்கள். படிப்பிப்பவர் ஒருவருடைய பெயராவது அதில் இல்லை. எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள் என்றும் இல்லை. சான்றிதழை எவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் இல்லை. கட்டணத்தை எந்த வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்பது மாத்திரம் இரண்டு இடங்களில் தெளிவாக இருந்தது.

அன்று நாம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம். இதே போன்ற புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பெற்றோரும் முன்னர் எம்மிடம் வந்திருக்கிறார்கள். சிலர் காசைக் கட்டிய பின்னர் வந்தார்கள். எனவே அந்த ஒரு வாரத்தில் நாம் விசாரித்தவற்றையும் அதற்கு முன் அறிந்தவற்றையும் இங்கே எழுதுவது பிரயோசனமாக இருக்கும் என எண்ணுகிறோம்.

வாசிப்பவரும் தேடிக் கொண்டு வருபவரும்

எமது பெற்றோர் பலருக்கு வானொலி, தொலைக்காட்சி என்றதும் மனதில் தோன்றுவது அறிவிப்பாளரே. இதற்குக் காரணம் உண்டு. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி தொடங்கி, 1949 இல் அது இலங்கை வானொலியாகி, 1950 இல் வர்த்தக சேவை வந்த பின்னர், எமது தமிழ் அறிவிப்பாளர்களின் குரலைக் கடல் கடந்து தமிழ்நாட்டவரும் காத்திருந்து கேட்டார்கள். எஸ். பி. மயில்வாகனம் தொடக்கம் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் வரை அந்தப் பெயர்களை அறியாத வீடு இல்லை. எமது சிறுவயதில் தோட்டத்து வரம்பில் வானொலிப் பெட்டியை வைத்துவிட்டு மண்வெட்டி பிடித்தவர்களை நாமே கண்டிருக்கிறோம். அந்தத் தலைமுறைக்கு ஊடகக் கல்லூரி என்று ஒன்று இருக்கவில்லை. நிலையமே அவர்களுக்குக் கல்லூரி. மூத்தவர்கள் பக்கத்தில் இருந்து உச்சரிப்பைத் திருத்தினார்கள்.

ஆனால் அறிவிப்பாளர் வேறு, ஒலிபரப்புச் செய்தியாளர் வேறு. எழுதித் தந்ததைத் திருத்தமாக வாசிப்பது ஒரு நல்ல கலை. அந்தச் செய்தியை எவர் தேடிக் கொண்டு வந்தார், அது உண்மையா என்று எவர் பார்த்தார் என்பது இரண்டாவது தொழில். விளம்பரப் புத்தகங்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதன் பெயரில் காசு வாங்குகின்றன. பிள்ளை எதை விரும்புகிறது என்பதை வீட்டில் வைத்தே கேட்டுத் தெளிவது நல்லது. குரல் வளமும் தமிழ் உச்சரிப்பும் உள்ள பிள்ளைக்கு அறிவிப்பாளர் பயிற்சி போதும் என்றால் அதற்கு ஒரு வருடமும் ஆறு இலட்சமும் வேண்டியதில்லை. சில மாதக் குறுங்காலப் பயிற்சிகள் உண்டு. கொழும்பில் அரசாங்கத்தின் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் அவ்வாறான பயிற்சிகளை நடத்தி வந்திருக்கிறது.

நாம் இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. ஏனெனில் எமக்கு, அதாவது காணி இழந்தவர்களுக்கு, அந்த ஆள்தான் அவசரமாகத் தேவை.

இதற்கு ஓர் உதாரணம் கையிலேயே இருந்தது. அந்தத் தகப்பன் வந்த மே மாதத்தில் எமது மக்கள் எல்லோரும் ஒரு வர்த்தமானியைப் பற்றித்தான் கதைத்துக் கொண்டிருந்தார்கள். 2025 மார்ச் 28 ஆந் திகதி காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான அறிவித்தல் அது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும், இல்லாவிடில் அவை அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படலாம் என்பது அதன் சாரம். உறுதியைத் தொலைத்தவர்கள், உறுதி எரிந்து போனவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், சொந்தக்காரர் இறந்து பிள்ளைகளுக்கு இன்னும் எழுதப்படாத காணிகள் என்று எத்தனையோ நிலைமைகள். மூன்று மாதத்தில் இவர்கள் எங்கே போவார்கள்? அந்த நாட்களில் முகநூலிலும் கைத்தொலைபேசிகளிலும் பரவியவற்றில் அரைவாசி பிழையானவை. எந்தக் கிராமம், எந்தக் காணித் துண்டு, எங்கே விண்ணப்பிப்பது, கடைசித் திகதி எது என்பதை மூன்று நிமிடத்தில், தோட்டத்தில் நிற்கும் ஒருவருக்கு விளங்கும் தமிழில் சொல்லக்கூடிய செய்தியாளரை நாம் தேடித் தேடித்தான் கேட்டோம்.

ஒரு கல்லூரியை அளப்பதற்கு இதையே நாம் அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். இங்கே படித்து வெளிவரும் பிள்ளை அந்த வர்த்தமானியை வாசித்து, விசாரித்து, பிழையில்லாமல் சொல்லுமா?

மரநிழலில் ஒரு கல்லூரி

கலையகம் இல்லாமல் ஒலிபரப்பைப் படிக்க முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த நாட்டிலேயே அதற்கு மாறான ஒரு அனுபவம் உண்டு. அதைச் சொல்ல மகாவலியின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மகாவலி 'எல்' வலயம் என்ற பெயரில் மணலாற்றுப் பக்கம் காணி இழந்த எமது வாசகர்களுக்கு அது கசப்பான பெயர். அந்தக் கசப்பை மறந்து நாம் இதை எழுதவில்லை.

1980களின் தொடக்கத்தில் யுனெஸ்கோவினதும் டென்மார்க் அரசினதும் உதவியோடு மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. நீர்த்தேக்கங்களுக்காக ஊரையும் வயலையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, அறியாத இடத்தில் குடியேற்றப்பட்ட சிங்களக் கமக்காரக் குடும்பங்களே அதன் நேயர்கள். இடம்பெயர்ந்தவர்கள் என்ற வகையில் அவர்களும் எம்மைப் போன்றவர்களே. வானொலிக்காரர் ஒரு கிராமத்துக்குப் போனால் அரைமணி நேரத்தில் பதிவுசெய்துவிட்டு வாகனத்தில் ஏறுவதில்லை. நாட்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். முதலில் பழகினார்கள், வயலில் நின்று கதை கேட்டார்கள், பின்னரே ஒலிப்பதிவுக் கருவியை வெளியில் எடுத்தார்கள். பேசியவர்களும் பாடியவர்களும் கிராமத்தவர்களே. பின்னர் 1986 இல் கிராந்துருகோட்டையிலும் 1989 இல் கொத்மலையிலும் சிறிய நிலையங்கள் அமைந்தன. கொத்மலை நிலையம் 1990களின் இறுதியில் இன்னொரு காரியமும் செய்தது. கணினியையே கண்டிராத நேயர்கள் கேட்டனுப்பும் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி, அதைச் சாதாரண பேச்சில் வானொலியில் விளக்கியது. உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

அந்த நிலையங்களில் குறைகள் இருந்தன. உரிமம் அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தபடியால் மக்கள் சொல்ல விரும்பிய எல்லாவற்றையும் சொல்லவும் முடியவில்லை. ஆயினும் செய்தியாளரை உருவாக்கும் முறை என்ற அளவில் அதைவிடச் சிறந்த ஒன்றை நாம் இந்த நாட்டில் அறியோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்திக்கு நத்தனியேலிடம் பிலிப்பு சொன்ன "வந்து பாரும்" என்ற அழைப்பைத் தலைப்பாக எடுத்தார். கணினியின் முன்னால் இருந்தபடியே செய்தி செய்யும் பழக்கத்தையும், தெருவில் இறங்கிச் செருப்புத் தேய நடக்காத செய்தியாளரையும் பற்றி அதிலே அவர் கவலைப்பட்டிருந்தார்.

ஆகவே ஒரு கல்லூரியைப் பார்க்கப் போகும் பெற்றோர் கலையகத்தைக் காட்டும்போது பார்த்துவிட்டு, மாணவர்கள் மாதத்தில் எத்தனை நாள் வெளியே போகிறார்கள் என்று கேட்க வேண்டும். போன இடத்தில் பதிவுசெய்ததைக் கேட்கத் தரும்படியும் கேட்கலாம். தருவதற்கு ஒன்றும் இல்லை என்றால் அதுவே பதில்.

எங்கெங்கே படிக்கலாம்

முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் பார்ப்போம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் ஒரு பட்டப் பாடமாக உள்ளது. அங்குள்ள ஊடக வளங்கள் பயிற்சி நிலையம் இதழியலில் டிப்ளோமா நடத்தி வந்திருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகள் உண்டு. களனி, ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகங்களிலும் வெகுசனத் தொடர்பாடல் நீண்டகாலமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் அங்கே சிங்களமும் ஆங்கிலமுமே புழக்கத்தில் உள்ளன. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1981 இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலும் வேறு உதவித்தொகைகளும் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலை வாங்கி, எந்தக் கற்கைநெறிக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதைப் பிள்ளை உயர்தரத்துக்குப் பாடம் தெரிவுசெய்யும்போதே பார்ப்பது நல்லது. பெறுபேறு வந்த பின் பார்த்து அழுதவர்கள் பலர். உயர்தரத்திலேயே 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்று ஒரு பாடம் உண்டு என்பதையும் எமது கிராமத்துப் பாடசாலைகளில் அநேகர் அறியாமல் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகப் படிப்பின் குறை, அங்கே கோட்பாடு கூட, கைவேலை குறைவு. எழுத்துப் பரீட்சையில் திறமைச் சித்தி எடுத்த பிள்ளைக்கு ஒரு நிமிட ஒலித்துண்டு வெட்டி ஒட்டத் தெரியாமல் இருக்கலாம். அதை விடுமுறையில் ஏதாவது நிலையத்தில் இருந்து பழகிக்கொள்ளலாம். பட்டம் கையில் இருப்பதால் ஊடகம் கைவிட்டாலும் ஆசிரியத் தொழிலோ அரச உத்தியோகமோ கைகொடுக்கும். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இது சிறிய காரியம் அல்ல.

பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு டிப்ளோமாக்கள் உள்ளன. கொழும்பில் இலங்கைப் பத்திரிகை நிறுவனத்தின் கீழ் 2004 இல் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மும்மொழிகளிலும் டிப்ளோமா நடத்தி வந்திருக்கிறது. தொழிலில் இருந்தவர்களே பெரும்பாலும் அங்கே படிப்பித்தார்கள். விண்ணப்பிக்கும் ஆண்டில் தமிழ்மொழிப் பிரிவு நடைபெறுகிறதா என்பதை நேரில் கேட்டறிய வேண்டும். ஒரு நிறுவனத்தில் தமிழ்ப் பிரிவு உண்டு என்று அறிவித்தலில் இருக்கும், மாணவர் தொகை போதாது என்று அந்த ஆண்டு அது நடக்காமலும் போகும். அப்படி நடந்து, விளங்காத மொழியில் பின்வாங்கில் இருந்து ஆறு மாதம் கழித்த பிள்ளை ஒன்றை நாம் அறிவோம்.

மொழியைப் பற்றி இன்னுமொரு சொல். செய்தியைத் தமிழிலே சொல்லப் படிக்க வேண்டும், ஆனால் சிங்களமும் படிக்க வேண்டும். எமது காணியைப் பற்றிய கடிதங்களும் சுற்றறிக்கைகளும் பல வேளைகளில் முதலில் அந்த மொழியிலேயே எழுதப்படுகின்றன. அதை நேராக வாசித்து விளங்கக்கூடிய தமிழ்ச் செய்தியாளர் மிகக் குறைவு. அந்த ஒரு தகைமைக்காகவே நிலையங்கள் கூப்பிட்டு வேலை கொடுப்பதைக் கண்டிருக்கிறோம்.

தனியார் கல்லூரிகள் எல்லாம் மோசம் என்று நாம் சொல்லவில்லை. நல்லவை உண்டு. எது நல்லது என்று அறிய முதலில் பதிவைப் பார்க்க வேண்டும். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் பதிவுசெய்யப்பட வேண்டும். நிறுவனம் பதிவு பெற்றிருப்பது ஒன்று, நீங்கள் காசு கட்டப் போகும் அந்தப் பாடநெறிக்குத் தராதர அங்கீகாரம் இருப்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். சான்றிதழ் தேசிய தொழிற்றகைமையில் எந்த மட்டம் என்று கேளுங்கள். ஏழு மட்டங்கள் உள்ளன. "சர்வதேச அங்கீகாரம்" என்று மாத்திரம் சொன்னால் எந்த நாட்டின் எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதித் தரும்படி கேட்டு, அந்தப் பெயரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

அந்தத் தகப்பனின் புத்தகத்தில் இருந்த இலக்கத்துக்கு நாம் தொலைபேசி எடுத்தோம். மரியாதையாகவே பேசினார்கள். வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டோம், நாற்பது என்றார்கள். கலையகப் பயிற்சி எப்போது? சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம். எத்தனை வாரம்? ஏறத்தாழ நாற்பது. அடுத்தமுறை அவர் வந்தபோது இந்தக் கணக்கை அவரிடமே கொடுத்தோம். அவர் விரல்விட்டு எண்ணினார். எண்பது மணித்தியாலம், நாற்பது பிள்ளைகள்.

"அப்ப ஒரு பிள்ளைக்கு ரண்டு மணித்தியாலம், சுவாமி! பங்குக் கிணத்திலை எனக்கு ஒரு நாளைக்கு வாற முறையே இதைவிடக் கூட."

ஆறு இலட்சத்துக்கு இரண்டு மணித்தியாலம். கூட இருந்த மகள் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு அது வேதனையாக இருந்தது என்பதை நாம் கண்டோம். அவள் விரும்பியது தவறு என்று அவளுக்குத் தோன்றிவிடக் கூடாதே என்ற கவலை எமக்கும் இருந்தது.

தாய்மார் கேட்கும் கேள்வி

தகப்பன்மார் காசைப் பற்றிக் கேட்கிறார்கள். தாய்மார் மெதுவாக வேறொன்றைக் கேட்கிறார்கள்: "இந்த வேலைக்குப் போனால் பிள்ளை உயிரோடை இருக்குமோ?" இதற்கு ஒப்புக்கு ஆறுதல் சொல்வது சரியல்ல. பிபிசியின் தமிழ், சிங்கள சேவைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இல் தமது வீட்டிலேயே கொல்லப்பட்டார். சக்தி தொலைக்காட்சியின் யாழ்ப்பாணச் செய்தியாளர் தேவகுமார் 2008 மே 28 இல் வெட்டிக் கொல்லப்பட்டார். இந்தக் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்தக் காலத்தின் பயங்கரம் இன்று அதே அளவில் இல்லை. விசாரணைக்கு அழைப்பதும் பின்தொடர்வதும் முற்றாக நின்றுவிடவும் இல்லை. காணிப் பிரச்சினையை எடுப்பவருக்கு இது கூடுதலாக நேர்கிறது. எனவே பாதுகாப்பைப் பற்றியும், செய்தியாளருக்குச் சட்டத்தில் உள்ள உரிமைகளைப் பற்றியும், தகவல் தந்தவரின் பெயரைக் காப்பாற்றுவதைப் பற்றியும் கல்லூரியில் படிப்பிக்கிறார்களா என்று கேட்பதற்குத் தாய்மாருக்கு முழு உரிமை உண்டு. தங்குமிடம் பற்றியும் கேளுங்கள். கொழும்பில் அருட்சகோதரிகள் நடத்தும் விடுதிகள் உண்டு, ஆனால் இடம் உடனே கிடைக்காது.

இதன் மறுபக்கத்தை எமது மக்களே நன்கு அறிவர். 2009 இல் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கமராவோடு வந்தவர்கள் அழுகிற தாயை எடுத்தார்கள், தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளையை எடுத்தார்கள். பெயரைக் கேட்டவர்கள் சிலர். எடுக்கலாமா என்று கேட்டவர்கள் அதிலும் குறைவு. "எங்கடை முகம் எங்கையெல்லாம் போச்சுதோ தெரியாது" என்று ஒரு மூதாட்டி பின்னர் எம்மிடம் சொன்னார். எமது பிள்ளை நாளைக்கு அந்தக் கமராவைப் பிடிக்கப் போகிறது. துயரத்தில் இருப்பவரிடம் எப்படிப் போவது, எப்போது கருவியை நிறுத்துவது என்பதை ஒரு பாடமாக வைத்திருக்கும் கல்லூரி இரண்டு கமரா குறைவாக வைத்திருந்தாலும் பரவாயில்லை.

மூன்று நிமிடம்

அந்தப் பிள்ளையிடம் நாம் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் இருக்கும் கைத்தொலைபேசியில் அந்த வர்த்தமானியைப் பற்றி மூன்று நிமிடம் பேசிப் பதிவுசெய்து கொண்டுவரச் சொன்னோம். மே மாதமாகையால் மாலையில் வீடு வீடாகச் செபமாலை நடந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் செபமாலை முடிந்து தேநீர் கொடுக்கும் வேளை அதைப் போட்டுக் கேட்டோம். குரல் நன்றாக இருந்தது. தொலைக்காட்சியில் வாசிப்பது போலவே வாசித்திருந்தாள். சனம் தலையை ஆட்டியது.

மூலையில் இருந்த ஒரு பெரியவர் மாத்திரம் கேட்டார்: "பிள்ளை, எங்கடை காணி இதிலை வருதோ, இல்லையோ?"

அவளிடம் பதில் இல்லை. வலிகாமம் வடக்கும் இதில் அடங்கும் என்று பொதுவாகச் சொல்லியிருந்தாள். எங்கே பார்த்தாள் என்று கேட்டபோது, முகநூலில் என்றாள். மறுநாள் பிரதேச செயலகத்துக்குப் போய் அட்டவணையைப் பார்த்தாள். அந்தப் பெரியவருடைய காணி அதில் இல்லை. அவருடைய கதை வேறு. 2013 ஏப்பிரலில் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை எடுப்பதற்கு ஒட்டப்பட்ட அறிவித்தலில் அவருடைய துண்டு இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சொந்தக்காரர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது அதைப் பற்றித்தான். அதன் பின்னர் பகுதி பகுதியாகக் காணிகள் விடப்பட்டன, இவருடையது விடப்படவில்லை. பிள்ளை இரண்டு அறிவித்தல்களையும் ஒன்றாகக் குழப்பியிருந்தாள். வெட்கத்தோடுதான் வந்து சொன்னாள். நாம் அவளைக் கடியவில்லை. பெரிய நிலையங்களில் இருப்பவர்களும் அந்த மாதத்தில் அதே பிழையை விட்டதை நாம் கேட்டிருந்தோம்.

இரண்டாவது பதிவு மூன்று நிமிடத்துக்குள் அடங்கவில்லை. நாலரை நிமிடம் போனது. ஆனால் பெரியவர் முழுவதையும் கேட்டார். இம்முறை வாசிக்கவில்லை, பேசினாள். அரசாங்கம் மார்ச் வர்த்தமானியை மீளப்பெறுவதாகச் சொன்னதும், யூன் இறுதியில் உயர் நீதிமன்றம் அதைச் செயற்படுத்த இடைக்காலத் தடை விதித்ததும் மூன்றாவது பதிவுக்கு வந்தன. அதை ஒருவரும் கேட்காமலே செய்துகொண்டு வந்தாள்.

கொழும்புக் கல்லூரிக்குக் காசு கட்டப்படவில்லை. லாண்ட்மாஸ்டர் இன்னும் வளவில் நிற்கிறது. பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பத்தில் யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் எழுதியிருக்கிறாள். கிடைக்காவிட்டால் தமிழில் நடக்கும் ஒரு டிப்ளோமாவுக்குப் போவது என்றும், அதற்குள் சிங்களம் படிப்பது என்றும் தீர்மானித்திருக்கிறார்கள். தகப்பனுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "ரிவியிலை வருவாள் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டன், சுவாமி" என்று இன்னமும் குறைப்படுகிறார். விளம்பரப் புத்தகம் பஞ்சாங்கக் கலண்டருக்குப் பின்னால் செருகியபடி இருக்கிறது.

அந்தப் பெரியவர் அவளை விடவில்லை. 2013 ஆம் ஆண்டின் அறிவித்தல் இப்போது என்ன நிலையில் இருக்கிறது, தமது துண்டு எவருடைய பெயரில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறார். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் அவருடைய பெயரில் அவள் ஒரு விண்ணப்பம் எழுதினாள். நாம் இரண்டு எழுத்துப் பிழைகளை மாத்திரம் திருத்திக் கொடுத்தோம். தகவல் உத்தியோகத்தர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கொடுத்த திகதியைப் பற்றுச்சீட்டோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். சனி, ஞாயிறு, போயா எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நாட்களை எண்ணுகிறாள்.